சந்தனம் பூசிய ரயர்

கரவன் ரயர்கள் ஓடித் தேய்கிறதில்லை பிள்ளை, நின்று கெடுகின்றன. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற அந்த வீட்டு வண்டி வருசத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில்தான் நிற்கும். பாரம் முழுக்க ஒரு பக்கத்தில் அமத்தும், வெயிலும் ஒரு பக்கத்தில் அடிக்கும். பார்க்கிறவர்களுக்கு ரயர் நேற்று வாங்கினதுபோல இருக்கும், ரோட்டைப் பிடிக்கிற பள்ளமெல்லாம் ஆழமாக. உள்ளுக்குள் இறப்பர் செத்துப்போயிருக்கும். இருபத்திரண்டு வருசம் ரயர்க் கடையில் வேலை செய்தபடியால் எனக்கு இது தெரியும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பொலிஸ் கொமிசார் ஐயா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறார். அவருக்கு விளங்கவேண்டும். நீங்கள் ஆறுதலாக அவருடைய டொச் மொழியில் சொல்லுங்கோ ஆதிரை பிள்ளை. நீங்கள் மொழிபெயர்க்க வந்த பிள்ளை, இதில் உங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. களைத்தால் தண்ணீர் குடியுங்கோ. வக்கீல் வரும்வரை வாயைத் திறக்கத் தேவையில்லை என்று எனக்குச் சொன்னார்கள். வாயைத் திறக்காமல் இருந்துதான் இவ்வளவும் வந்தது.

என் பெயர் கமலநாயகி. எழுபத்தொரு வயது. வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இளங்கீரன் எனக்கு ஒரே பிள்ளை. அவனுடைய தகப்பன் ஊரிலேயே இல்லாமல் போய்விட்டார். மூன்று வயதுப் பிள்ளையோடு நான் இந்த ஜேர்மனிக்கு வந்தபோது, அகதிகளுக்கென்று வரிசையாக வைத்திருந்த தகரப் பெட்டி வீடுகளில் ஒன்றைத் தந்தார்கள். இரண்டு குளிர்காலம் அதற்குள் இருந்தோம். சுவரில் தண்ணீர் வழியும். இவன் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு படுப்பான். அதற்குப் பிறகுதான் டொறத்தி என்கிற ஒருத்தியின் ரயர்க் கடையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. கூட்டித் துடைத்தபடியே பார்த்துப் பார்த்துப் பழகினேன். கடைசியில், ஆம்பிளைகள் பூட்டின சில்லை நான் பெருவிரலால் அமத்திப் பார்த்த பிறகுதான் டொறத்தி வெளியே விடுவாள். "டொக்டர் வாறா, ஒதுங்குங்கோ" என்று பகிடி பண்ணுவாள். பென்சன் எடுத்த பிறகும் சனிக்கிழமையில் பட்டறைப் பூட்டின் திறப்பை எனக்குத் தருவாள்.

நாலு வருசத்துக்கு முன்னால் கீரன் ஸ்ரீநிதியைக் கட்டினான். கும்பகோணத்துப் பிள்ளை, வால்டோர்ஃபில் கணினி வேலை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் கிழமையே என் கையில் இருந்த அகப்பையை வாங்கி, "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் உட்கார்ந்தேன். அன்றையிலிருந்து என்னை உட்காரவைத்துக்கொண்டே இருந்தாள். கோயிலுக்கு நான் பஸ்ஸில் போனால், "ஏன் அத்தை கஷ்டப்படுறீங்க." மாவிடித்தால், "கடையில கிடைக்குதே அத்தை." ஒருவரை ஒன்றுக்கும் தேவையில்லாமல் ஆக்குவதற்கு இதைவிட அன்பான வழி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கத்துகிற கோபம் இல்லை. மூடி போட்ட சட்டியில் கொதிக்கிற தண்ணீர் சத்தம் போடாது, மூடிதான் மெல்ல ஆடும்.

பிறகு அந்தக் கரவனை வாங்கினார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொழுவிக்கொண்டு போய்விடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். சாப்பாட்டு மேசையை மடித்துப் போட்டால் அது எனக்குக் கட்டிலாம். தகரப் பெட்டிக்குள் இருந்து நான் வெளியே எடுத்த பிள்ளை, தானாக விரும்பிப் போய் ஒரு பெட்டிக்குள் படுத்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கோ.

இந்த வருசம் வைகாசியில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்ரீநிதி சொன்னாள்.

"அத்தை, ஒரு குட் நியூஸ். டிரெஸ்டன்ல ரிசர்ச் லேப் ஒண்ணுல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஆகஸ்ட்ல ஜாயின் பண்ணணும்."

"அப்ப கீரன்?"

"அவருக்கென்ன, அவர் எங்க இருந்தாலும் வேலை பாக்கலாம். முதல்ல கேம்பிங் ப்ளேஸ்ல கரவன்லயே இருந்துக்கறோம். அப்புறம் வீடு பாத்துக்கலாம்."

"ரெண்டு பேரும் முடிவெடுத்தாச்சோ?"

கீரன் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "பிறகு கதைப்பம் அம்மா" என்றான்.

பிறகு கதைக்கவில்லை. இதை மட்டும் வடிவாக எழுதுங்கோ பிள்ளை. வைகாசி போனது, ஆனி போனது, ஆடியும் பாதி போனது. ஒருவரும் என்னிடம் கதைக்கவில்லை. பெட்டிகள் கட்டினார்கள். என் கண்ணுக்கு முன்னாலேயே கட்டினார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அதற்கிடையில் கீரன் ரயர் விசயத்தோடு வந்தான். அந்தக் கரவனுக்கு மணிக்கு நூறு கிலோமீற்றரில் ஓட அனுமதி இருக்கிறது, பின்னால் வட்டமாக நூறு என்று ஒட்டியிருக்கும். ஆனால் ரயர் ஆறு வயதைத் தாண்டினால் அந்த அனுமதி செல்லாது, எண்பதில்தான் உருட்டிக்கொண்டு போகவேண்டும். இருந்த ரயர் ஆறைத் தாண்டிவிட்டது. வீட்டுச் சாமான்களும் ஏறப்போவதால், பாரம் கூடுதலாகத் தாங்குகிற ரயர் இரண்டு வாங்கி டொறத்தியின் கடைக்கு அனுப்பியிருந்தான்.

"நீங்களே பூட்டிவிடுங்கோ அம்மா. உங்களைவிட ஆரை நம்பிக் குடுக்கிறது?"

என்னை விட்டுப் போவதற்கான சில்லை என்னையே பூட்டச் சொன்னான். அவனுக்கு அது விளங்கவும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

டொறத்தியின் பின்வளவில் கழித்துவிட்ட ரயர்கள் குவிந்து கிடக்கும். அதில் அதே கொம்பனி, அதே அளவில் ஒரு சோடி இருந்தது. யாரோ கரவனை உடைக்கக் கொடுத்தபோது கழற்றினது. ஒவ்வொரு ரயரின் பக்கத்திலும் நாலு எண் பதிந்திருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமையில் செய்தது என்று, மற்ற இரண்டும் வருசம். இதில் முப்பத்தொன்று பதினாலு. பதினொரு வயது. பள்ளம் ஆழமாக, கழுவிக் கறுப்பு மை பூசினால் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். கழுவினேன், பூசினேன். ஒன்றின் உள்பக்கத்தில் முகப்பரு அளவில் ஒரு புடைப்பு. அதை வலப்பக்கம் பூட்டினேன். புது ரயர் இரண்டையும் என் நிலவறையில் பழைய படுக்கை விரிப்பால் மூடிவைத்தேன். நல்ல சாமானை எறிய மனம் வரவில்லை. அங்கேதான் இருக்கின்றன, போய் எடுக்கலாம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. என் எண்ணமெல்லாம், வெளிக்கிட்டு எங்கள் தெரு ஒழுங்கை முடியமுன்னம் காற்றுப் போகும், இருவரும் வெட்கப்படுவார்கள், இந்தப் பெட்டி சரிவராது அம்மா என்று கீரன் திரும்பி வருவான், இவ்வளவுதான். ஓம், காற்றை நான்தான் அளந்து அடித்தேன். ஓம், சரியான அளவுக்குத்தான் அடித்தேன். அது பழக்கம் பிள்ளை. குறையக் காற்று அடித்து என் கை பழகவில்லை.

பூட்டினால் சும்மா விட ஏலாதே. புது வண்டிக்கும் புதுச் சில்லுக்கும் நாங்கள் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் மிதிக்கவிட்டுத்தானே எடுப்போம். வீட்டு வாசலில் செய்தோம். தேசிக்காய் வாங்கி வைத்திருந்தேன், ஸ்ரீநிதி அதற்குள் தானும் நாலு கொண்டு ஓடிவந்தாள்.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் அத்தை. எங்கப்பா ஸ்கூட்டர் டயருக்கே பூ கட்டுவார்."

நான் சந்தனத்தைக் குழைத்து, வட்டமாக, தடிப்பாக, அந்த நாலு எண்ணுக்கும் மேலே வைத்தேன். நடுவில் குங்குமம். வெயிலில் வெடித்து விழாமல் இருக்கக் கொஞ்சம் பசை கலந்திருந்தேன். கீரன் குனிந்தான். ரயரைக் கண்டால் வயதைப் பார்க்கிற பழக்கத்தை அவனுக்குச் சின்ன வயதில் நான்தான் பழக்கினேன். சந்தனத்தின் ஓரத்தைச் சுரண்டப் போனான். ஸ்ரீநிதி அவன் கையில் தட்டினாள்.

"சாமிக்கு வச்ச பொட்ட யாராவது அழிப்பாங்களா? எஞ்சினியர் சார், அம்மா பூட்டினத கூட செக் பண்ணணுமா?"

"செக் பண்ணேல்லை, சும்மா பாத்தனான்."

"சும்மாவும் பாக்க வேண்டாம்."

அவன் சிரித்துக்கொண்டு எழும்பினான். அவள் குனிந்து சில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என் காலையும் தொட்டாள். நான் நல்லாயிரு என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது.

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை வெளிக்கிட்டார்கள். வெளிக்கிட்டாள். கீரனுக்கு அன்றைக்குப் போக ஏலாமல் போய்விட்டது. அவளுக்குத் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது, நிற்க ஏலாது. தனியக் கார் ஓடினாள். முப்பத்துநாலு பாகை வெயில். ஒழுங்கை முடிய ஒன்றும் நடக்கவில்லை. நூர்ன்பேர்க் நகரம் தாண்டும்வரையும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அங்கால் ஓட்டோபான் பெருந்தெருவில் ஒரு இறக்கம் வருமாம். அங்கே வலப்பக்க ரயர் வெடித்தது. கரவன் பாம்பு மாதிரி ஆடி, காரையும் இழுத்துக்கொண்டு பாதுகாப்பு வேலிக்கு மேலால் போனது. அந்த இடத்திலேயே முடிந்தது என்று பொலிஸ் சொன்னது. நோவு இருந்திருக்காது என்றும் சொன்னார்கள். நல்லது.

மூன்று கிழமை எல்லோரும் விபத்து என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீரன் என் குசினி மேசையில் வந்து இருந்தான். போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவான். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அகப்பை என் கையில் இருந்தது. அந்த மூன்று கிழமையும் வீடு வீடாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

பிறகு உங்கள் பொலிஸ் நிபுணர், வெடிக்காத இடப்பக்க ரயரில் இருந்த சந்தனத்தைத் துடைத்து அந்த நாலு எண்ணையும் வாசித்திருக்கிறார். வெளிநாட்டுக்காரன், துடைப்பான். எங்கட ஆள் என்றால் அதில் கை வைத்திருக்க மாட்டான்.

சற்று முன்னம் கொமிசார் ஐயா ஒரு கொப்பியைக் காட்டினார். கரவனுக்குள் இருந்து எடுத்ததாம், ஸ்ரீநிதியின் எழுத்து. டிரெஸ்டனில் பார்க்கவேண்டிய வீடுகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கீழ்மாடி, படி இல்லை, அத்தைக்குத் தனி ரூம், பக்கத்தில் பஸ் என்று எழுதியிருக்கிறாள். இரண்டை வெட்டிவிட்டு, அத்தை ரூம் சின்னது என்று குறித்திருக்கிறாள். அதை வாசித்துச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது பிள்ளை. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. இதை அவள் வாயால் சொல்லியிருக்கலாமே. வைகாசி, ஆனி, ஆடி, மூன்று மாதம் இருந்ததே. வீடு சரிவந்த பிறகு சந்தோசமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். ஆரைக் கேட்டு வைத்திருந்தாள்? ஒரு சொல்லைச் சொல்லாமல் வைத்திருந்து, பழியை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

என்ன கேட்கிறார்? ஓம், கீரன் அன்றைக்கு ஏன் போகவில்லை என்று. அதைக் கேட்பார் என்று தெரியும்.

அவன் வெளிக்கிட்டுக் காருக்குள் ஏறியும் விட்டான். நான் வாசல் படியில் இருந்து நெஞ்சைப் பிடித்தேன். இடக்கை விறைக்கிறது என்றேன். ஸ்ரீநிதிதான் முதலில் ஓடிவந்தாள். "நீங்க அத்தையோட இருங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் மெதுவா போயிடறேன்" என்று அவனை இறக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் உங்களிடம் இருக்கும். ஓம் பிள்ளை, பொய்தான். எனக்கு அன்றைக்கு ஒரு நோவும் இருக்கவில்லை.

அதற்காக வேறு மாதிரி எழுதிப்போடாதேங்கோ. அந்தப் பெட்டை சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் பிள்ளை அதற்குள் இருக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.