பதில் சொல்வதற்கில்லை

சனிக்கிழமை போட்டி என்றால் பன்னிரண்டு மணிக்கே ஒரு பொட்டலம் நாசி பாடாங் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன், ஐயா. அப்புறம் ஐந்து மணி நேரம் எழுந்திருக்க முடியாது. நடுவர் பசியோடு உட்கார்ந்தால் தீர்ப்பு தடுமாறும்.

எங்கள் குழுவைப் பற்றிக் கேட்டீர்கள். பதினோரு பேர். நான் பெக்கன்பாருவில் இருக்கிறேன். மற்றவர்கள் ரியாவ் மாகாணம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. புரோகிராம் போட்டிக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு, யாருடைய விடை எங்கே உதைக்கிறது என்று வாரம் முழுக்க இணையத்தில் சண்டை போடுவோம். சனிக்கிழமை மட்டும் யாரும் யாருக்கும் உதவக் கூடாது. ஏழு கணக்கு, ஐந்து மணி நேரம். வயதில் மூத்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் 'பாங்', அதாவது அண்ணன். கணக்கு தயாரிப்பதும் தீர்ப்பு சொல்வதும் நான்தான்.

விதிகளையும் நானே எழுதினேன். கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் தெரிவதை நான் மட்டும் பார்ப்பேன். கைபேசியை அணைத்துக் கீழ்த்தளத்திலோ பக்கத்து அறையிலோ வைத்துவிட வேண்டும். கணினியில் போட்டிப் பக்கம் தவிர வேறெதுவும் திறக்காது. அனுமதியில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்தால் பெயர் நீக்கப்படும். ஏதாவது கேட்பதென்றால் திரையோரத்தில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. சொல்லக் கூடாததைக் கேட்டால், நடுவர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் பதிலையே நானும் சொல்வேன்: 'பதில் சொல்வதற்கில்லை.' அதற்கென்று ஒரு பொத்தானே வைத்திருக்கிறேன்.

யுலிஸ்னா துமாய்க்காரி. பத்தொன்பது வயது. சேர்ந்து எட்டு மாதம். வாய் கொஞ்சம் நீளம். அன்றும் போட்டி தொடங்குமுன் எல்லோரும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"பாங், போன வாரம் மீனவன், மக, படகுன்னு மூணு பக்கம் கதை விட்டீங்களே, கேள்வி ரெண்டே வரிதான். இன்னிக்காவது அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுமா?"

"அவ கல்யாணம் உனக்கெதுக்கு? நீ மொதல்ல நாலாவது கணக்கைத் தாண்டு" என்றான் பக்தியார்.

"தாண்டினா உன் லேப்டாப்பை ஆத்துல போடுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதிவில் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு முதலில் வருபவர் பெயர் பாண்டுங் பயிற்சி முகாமுக்குப் போகும். ஒரே ஒரு பெயர். ஆறு வருடத்துக்கு முன் என் பெயர் போயிருக்க வேண்டியது. இரண்டு இடம் பின்தங்கியதில் தவறிவிட்டது. அதை எப்போதோ மறந்துவிட்டேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். மூன்று வாரமாகக் காட்டுத்தீயின் புகைமூட்டம். ஜன்னல் இடுக்கெல்லாம் நாடா ஒட்டியிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை, அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றும் அவளே சொல்லியிருந்தாள்.

ஏழாவது கணக்கு என்னுடையது. அதற்கு நான்கு மாதம் உழைத்தேன். என் விடை நூற்று நாற்பது வரி. யாரும் போட மாட்டார்கள் என்றுதான் வைத்தேன். மூன்றே முக்கால் மணி நேரத்தில் அவள் விடை வந்தது. முப்பத்தொரு வரி. எல்லாச் சோதனையிலும் தேறியது. 'சரி' என்று அனுப்பியிருந்தால் ஏழும் முடிந்து அவள் எழுந்து போயிருக்கலாம். நான் நிறுத்திவைத்தேன். இன்னொரு முறை சரிபார்ப்பது நடுவரின் கடமை. அவள் திரையில் 'பரிசீலனையில்' என்று மட்டும் தெரிந்திருக்கும்.

நான்காவது மணி நேரம் முடியும்போது முதல் கேள்வி வந்தது.

"பாங், மூச்சு வாங்குது. இன்ஹேலர் கீழ பையில இருக்கு. போய் எடுத்துக்கட்டா?"

பொத்தானை அழுத்தினேன். பதில் சொல்வதற்கில்லை.

கேட்காமலே எழுந்து போயிருக்கலாமே என்கிறீர்கள். போட்டியில் உட்காராதவர்களுக்கு அது புரியாது. எழுந்தால் ஏழு கணக்கும் பூஜ்யம். அனுமதி கேட்டே பழகிய பிள்ளைகள். பழக்கியது நான்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுதினாள். "பாங், விளையாடல. தீர்ப்பையாவது சொல்லுங்க, போயிடுறேன்." பதில் சொல்வதற்கில்லை. மூன்றாவது கேள்வியில் வார்த்தை இல்லை. ஒரே எழுத்து இரண்டு வரிக்கு ஓடியிருந்தது. அதற்கும் அதே பதில்தான். விதி எல்லோருக்கும் ஒன்று.

பக்தியார் விஷயத்தை நீங்கள் எடுத்துக் காட்டுவீர்கள். முதல் மணி நேரத்தில் அவன், "பாங், ரொம்ப அவசரம். விடலைன்னா நாற்காலிக்கு நான் பொறுப்பில்ல" என்று எழுதினான். "போயிட்டு வாடா" என்று அனுப்பினேன். உண்மைதான். அவன் அப்போது ஒரு கணக்குக்கூடப் போட்டிருக்கவில்லை.

கேமராவைக் கவனிக்கவில்லை என்று காலையில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அவளுடைய கட்டத்தைப் பெரிதாக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறி இறங்கியது. ஒருமுறை பாதி எழுந்தாள். கேமராவை, அதாவது என்னைப் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலை மேஜைமேல் சாய்ந்தது. என் கைபேசி என் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அவள் அப்பாவின் எண்ணும் அதில் இருந்தது.

அவள் அசைவற்று இருபது நிமிடம் ஆன பிறகு, 'சரி' என்று தீர்ப்பை அனுப்பினேன். போட்டி முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. முடிந்ததும் அறிவித்தேன்: முதலிடம் யுலிஸ்னா. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏய் மகாராணி, இப்பவே திமிரா? வாயத் தொறந்து பேசேன்" என்று பக்தியார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

கொன்றேன் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைப் பெற்றவர்களிடம் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அவளுக்குச் சேர வேண்டிய முதலிடத்தில் நான் கைவைக்கவே இல்லை.