யூதித்துக்கு வைத்த முகம்

இன்னும் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கனல்சட்டியை நடுவில் தள்ளுங்கள். என் தோழி கமில்லாவின் சித்தி ஃபவுஸ்தீனாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது... பரவாயில்லையா?

சாயங்கால மணி அடித்து ஓய்ந்த நேரம். பொலோஞ்ஞா நகரில் பட்டு நூற்கும் ஆலைகளின் கால்வாயோரப் பாதை. மூடுபனி. ஈ காக்கை இல்லை. ஆலைச் சக்கரம் மட்டும் தடக்... தடக்... ஃபவுஸ்தீனா தனியாகப் போகிறாள், தியமாந்தேயின் சித்திரக்கூடத்துக்கு.

தியமாந்தே காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, புதைத்த ஈரம்கூடக் காயவில்லை. இருவரும் ஒரே ஓவியரிடம் படம் தீட்டப் பழகியவர்கள்தான். பேர் வாங்கியது தியமாந்தே. கடைசியாகத் தீட்டியது யூதித்தை. பகைத் தளபதியின் தலையை அறுத்து ஊரைக் காத்தாளே, அவளை. பெண்பிள்ளை பார்த்து வரையக் கூலிக்கு ஆள் நிறுத்தினால் ஊர் பேசும். அதனால் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தையே யூதித்துக்கு வைத்தாள். பின்னால், அறுத்த தலையைப் போட்ட பையோடு குனிந்து நிற்கும் பணிப்பெண்ணுக்கு ஃபவுஸ்தீனாவை நிறுத்தினாள்.

"உனக்குத்தான்டி குனிஞ்சு நிக்க நல்லா வருது" என்று சிரித்தாளாம். அது முள்ளாய்த் தைத்தது.

விடிந்தால் படம் கோயிலுக்குப் போகும். செத்தவளை ஊரே அண்ணாந்து பார்க்கும். இருக்கிறவள் காலத்துக்கும் வேலைக்காரி.

விளக்கை ஏற்றினாள். ஆளிவிதை எண்ணெய் வாசம் குப்பென்று... யூதித்தின் முகம் இன்னும் காயவில்லை. கத்தியால் வழித்தாள். வெண்ணெய் போல வந்தது. அந்த இடத்தில் தன் முகத்தைத் தீட்டினாள். வேறு எதையும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில், பக்கத்து வீட்டு ஒர்சீனா மேலே மாட்டிய படத்தைக் காட்டி ஃபவுஸ்தீனாவை இடித்தாள்.

"வாளோட நிக்கிறதப் பாரு. வீட்டுல கோழி அறுக்கச் சொன்னா ஓடுவ."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஃபவுஸ்தீனாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனாலும் நல்ல மனசுடி உனக்கு. செத்துப்போனவளையும் மறக்காம சேர்த்து வச்சிருக்கியே."

"யாரை?"

"அந்த வேலைக்காரிதான். தியமாந்தேய உரிச்சு வச்சாப்பல இருக்கா."

ஃபவுஸ்தீனா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். தான் தொடவே தொடாத பணிப்பெண்ணின் முகம்... வண்ணம் ஈரமாக மினுங்கியது. குனிந்திருந்தவள் நிமிர்ந்திருந்தாள். பையைப் பார்க்கவில்லை. யூதித்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, போய்ப் படுங்கள் செல்லங்களா. உங்கள் வீட்டுக் கனல் அவியாதிருக்கட்டும். அந்த வீட்டில் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி வயிறெரியாதிருக்கட்டும்.