வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஜெலுத்தோங்கில் கார்ப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்து போகிறது. மற்ற நாட்களில் சுத்தியல் சத்தத்தில் காது அடைத்துவிடும். ஞாயிறு என்றால்... ஒரு நாய்கூட இருக்காது. அந்தச் சந்தின் கடைசி வீட்டில்தான் இது நடந்தது.

நடந்தது என் மச்சான் கோகுலனின் கூட்டாளிக்கு. பெயர் நல்லமுத்து. வீட்டு ரிப்பேர் வேலை. கதவு, குழாய், சுவர் வெடிப்பு எல்லாம் பார்ப்பார். பொய் சொல்ல வராத மனிதர். வந்திருந்தால் இந்நேரம் கண்ட்ராக்டர் ஆகியிருப்பார் என்பான் கோகுலன். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த மழையில் என் குரல் எடுபடாது.

வீட்டுக்காரர் கிளிஃபர்ட். ஆபீஸ் வேலை. அவருடைய அம்மா வெரோனிக்கா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டை விற்கப் போகிறார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. அதற்குள் சில்லறை வேலைகளை முடிக்க வேண்டும். ஒழுகுகிற குழாய், சன்னல் கொக்கி... கடைசியாகப் பின் அறைக் கதவு.

அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். தாழ்ப்பாளும் வெளிப்பக்கம்தான். கனத்த பழைய பித்தளை. உள்ளே ஆளை வைத்துப் பூட்டினால் ஒழிய அங்கே ஒரு தாழ்ப்பாளுக்கு வேலை இல்லை.

கிளிஃபர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

“அதக் கழட்டிருங்கண்ணே. ஓட்டைய அடைச்சுப் பெயிண்ட் அடிச்சிருங்க. வர்றவங்க கேள்வி கேப்பாங்கல்ல. அம்மாவுக்கு ஞாபகம் போயிருச்சு, ரோட்டுக்கு ஓடிருவாங்க. நான் வேலைக்குப் போவணும்... என்னா செய்றது?”

நல்லமுத்துவின் அம்மா வள்ளியம்மாவுக்கும் அதே வியாதி. மனைவி போய் நாலு வருடம். ஃப்ளாட்டில் அம்மாவும் அவரும் மட்டும். அவரும் தினம் அம்மாவை அறையில் வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார். போடும்போது எப்போதும் ஒரே பேச்சு. சத்தம் போடாம இரு, சீக்கிரம் வந்துருவேன். அன்றைக்கும் மூன்று மணிக்கு அதைச் சொல்லிவிட்டு வந்தார். ஏழரைக்குள் திரும்ப வேண்டும். அம்மாவுக்குச் சோறு, மாத்திரை. அவர் போகாவிட்டால் திறக்க ஆள் கிடையாது.

கிளிஃபர்ட் போய்விட்டார். நல்லமுத்து நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். ஓட்டைகளைப் புட்டிப் பசை வைத்து அடைத்து, கத்தியால் இழுத்துச் சமமாக்கினார். நம் ஆட்கள் கழற்றியதைத் தூக்கிப் போடுவதில்லை. அவர் அம்மா கதவில் இருந்தது மெல்லிய அலுமினியம். கிழவி உள்ளேயிருந்து இழுத்து இழுத்து அது ஆடிப்போயிருந்தது. பித்தளையைக் கையில் எடை பார்த்தார். அம்மா கதவுக்கு ஆகும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது ஒன்றுதான் அவர் செய்தது.

கதவின் உள்பக்கம் பாக்கி. புட்டி டப்பாவோடு உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். காலி அறை. தைல வாசம்... அதற்கு அடியில் மூத்திர வாசம். சிலுவையைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. கதவில் இடுப்புக்குக் கீழே கோடுகள். நீளம் நீளமாக, பக்கத்தில் பக்கத்தில். நகத்தால் கீறியது. தரையில் உட்கார்ந்து கீறினால்தான் அந்த உயரம் வரும்.

அவரும் உட்கார்ந்தார். ஒவ்வொரு கோடாகப் புட்டி பூசினார். கடைசிக் கோடு வந்தபோது...

கிரீச்... டக்.

தாழ்ப்பாள் விழுகிற சத்தம். வெளியே.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பித்தளை அங்கேயே இருந்தது. கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். சுவரை இடித்த மாதிரி இருந்தது. சன்னலில் இரும்புக் கம்பி. அதற்கு அப்பால் பூட்டிய பட்டறை. கத்தினார். அன்றைக்கும் இதே மாதிரி மழை, அதுதான் பதில் சொன்னது. சாமான் பையும் கைப்பேசியும் ஹாலில். எட்டு மணிக்குக் கைப்பேசி அடித்தது. அடித்து அடித்து நின்றது. பிறகு வெளியே சுவிட்ச் சத்தம், டிக். அறை இருட்டானது.

அப்போதுதான் செருப்பு இழுபடுகிற சத்தம் கேட்டது. சரக்... சரக்... கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தைல வாசம் கூடியது. ஒரு வயதான பொம்பளைக் குரல். மெதுவாக. பாசமாகக்கூட.

“சத்தம் போடாம இரு. சீக்கிரம் வந்துருவேன்.”

செருப்பு திரும்பிப் போனது. வாசல் கேட் திறந்து மூடியது.

ராத்திரி முழுவதும் நல்லமுத்து அந்தக் கதவடியில். தண்ணீர் இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் மூலையில் போனார். அம்மாவும் இப்போது இப்படித்தான் மூலையைத் தேடுவாள் என்று நினைத்தாராம். விடிய விடிய அது ஒன்றுதான் மண்டைக்குள். அம்மா பசியோடு தட்டுவாள். யார் திறப்பது?

காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தது. ஒரு விரலால் இழுத்த மாதிரி, சும்மா திறந்தது. கிளிஃபர்ட் நின்றார்.

“என்னாண்ணே, இங்கயே தூங்கிட்டீங்களா? போன் அடிச்சேன், எடுக்கல. கதவு சும்மா சாத்தித்தானே இருந்துச்சு.”

கதவின் வெளிப்பக்கம் அவர் வைத்த புட்டி, வைத்தபடி வழவழப்பாக இருந்தது. நல்லமுத்து சாமான் பையை அங்கேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

ஃப்ளாட்டின் வாசல் பூட்டு அவர் பூட்டியபடியே இருந்தது. திறந்தார். அம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. மேசையில் சாப்பிட்ட தட்டு. மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்திருந்தது. வீடு முழுக்கத் தைல வாசம்.

“ஒரு அம்மா வந்துச்சுப்பா. ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருந்தோம். நீ வர நேரமாவும்னு சொல்லிச்சு.”

அம்மாவின் அறைக் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை. சட்டைப் பையில் கையை விட்டார். பித்தளை ஒன்று... அலுமினியம் ஒன்று. இரண்டும் வந்தன. கதவில் ஸ்க்ரூ ஓட்டை நாலும் புட்டியால் அடைத்திருந்தது.

அவர் வீட்டில் இருக்கும்போது அந்தக் கதவு எப்போதும் அறைக்குள் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும். உள்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் இழுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அங்கேயும் புட்டி பூசியிருந்தது. இடுப்புக்குக் கீழே. நீளம் நீளமாக, பக்கத்தில் பக்கத்தில்... தரை வரை.

தொட்டார். விரலில் ஒட்டியது.