முன்பாதி

— தோணியத் தருவீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

— தரமாட்டன் பிலோமினா. ஞானத்திட வீட்டுக்கெண்டால் இந்தத் தோணி போகாது.

— தோணிக்கு என்ன தெரியும்? போகாது எண்டுறது நீங்கதானே.

— ஓம், நான்தான். வலையில நண்டு கழட்டிக்கிட்டு இருக்கிறன், சும்மா கிட புள்ள.

— அங்க அவன்ட தாய் செத்துக் கிடக்கு. நாலு மணிக்கு அடக்கத்துக்குச் சுவாமி வந்திருவார். அதுக்கு முன்னம் செபமாலை சொல்லோணும்.

— உன்ன விட்டா வேற ஆள் இல்லையாமா?

— இல்ல. அங்க செபம் சொல்ற உபதேசியார் செங்கலடிக்கு மகள்ட வீட்ட போயிற்றார். ஒராள் முன்பாதியச் சொன்னாத்தானே சனம் பின்பாதியச் சொல்லும். முன்பாதி சொல்ல ஆளில்லாம அந்தச் சனம் பிரேதத்தச் சுத்தி வாய் மூடிக்கிட்டு இருக்கு.

— ஆர் சொன்னது உனக்கு?

— ஞானத்திட பொண்டாட்டி வந்தவள். வேலிக்கு வெளியில நிண்டு, செலஸ்ரின் அண்ணன் வீட்டயா எண்டு பயந்து பயந்து கேட்டாள். உள்ளுக்கு வா எண்டன், வரல்ல.

— பயம் இருக்கட்டும். அது நல்லதுதான்.

— அவள் என்ன செய்தவள்?

— அவள் ஒண்டும் செய்யல்ல. அவள்ட புருசன் செய்தவன். காத்து வருது, போகாத எண்டு கரையில நிண்ட அவ்வளவு பேரும் சொன்னவங்க. குடிச்சிட்டு எஞ்சினப் பிடிச்சான். நம்மட புள்ளயையும் ஏத்திக்கிட்டுப் போனான். தோணி பிரண்டு, அவன் நீந்தி வந்தான். றெக்ஸ் வரல்ல. மறுகா இந்த ஊர்ல இருக்க முகமில்லாம அக்கரைக்குப் போனான். போனவன் அங்கயே கிடக்கட்டும்.

— எனக்கும் அது புள்ளதான்.

— நான் இல்லையெண்டல்ல.

— அண்டைக்கு மன்னிப்புக் கேட்டு நம்மட வீட்டு வாசலுக்கு அவன் வந்தவன். நீங்கதான் கத்தியத் தூக்கினீங்க.

— தூக்கினன். இண்டைக்கு வந்தாலும் தூக்குவன். உனக்கென்ன, உனக்குச் சமாதானம் கிடைச்சிற்று. செத்தவீடு, நினைவுநாள் எண்டு ஒரு வீடு விடாம முழங்கால்ல நிண்டு செபம் சொல்றாய். பிலோமினா ஆண்டவர இறுக்கிப் பிடிச்சவள், எல்லாத்தையும் பொறுத்திட்டாள் எண்டு ஊரே சொல்லுது. எனக்கு அது வராது.

— ஊருக்கு என்ன தெரியும்.

— இஞ்ச பாரு, நான் உள்ளதச் சொல்றன். பரலோக மந்திரத்தில ஒரு இடம் வருமே, நமக்குத் தீமை செய்தவன நாம பொறுக்கிறம் எண்டு. அந்த இடம் வந்தா நான் வாய மூடிருவன். பக்கத்தில இருக்கிறவனுக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். அவருக்கிட்டப் பொய் சொல்ல எனக்கு ஏலாது.

— எனக்கும் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீங்க மூடுறது. உங்கட சத்தம் எனக்குத் தெரியாதா? அதில விழும். மறுகா ஆமெனுக்குத்தான் ஒழும்பும்.

— இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை கேட்கல்லயே நீ.

— கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கு.

— இது என்ன கதை?

— அத விடுங்க. கோவம் வந்த புதிசில உங்களுக்கு ஒரு ஆறுதல் இருந்ததுதானே? அவன ஏசி ஏசிச் சோறு திண்டீங்க.

— இருந்தது.

— எனக்கும் இருந்தது. நிண்டதா அது?

— நிக்கல்ல.

— நிக்கிற ஆறுதல் எங்கயோ இருக்கு. அதத் தேடித்தான் போறன்.

— போய், அவன் முன்னுக்கு முழங்கால்ல நிப்பாய். தலைமாட்டில அவன்தான் இருப்பான், செத்தது அவன்ட தாய்தானே. அவன்ட முகத்தப் பார்த்தா உனக்கு வாய் வருமா?

— வரப்பண்ணுவன். சின்ன வயசில உறுதிபூசுதலுக்கு, நீர் சொன்னபடி நடப்பன் எண்டு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்தவள் நான். மனம் வரட்டும், மறுகா வாக்கக் காப்பாத்துவம் எண்டு பார்த்துக்கிட்டு இருந்தன். மனம் வரல்ல. இனிப் பார்த்துக்கிட்டு இருக்கமாட்டன். நான் முன்னுக்குப் போறன், மனம் பின்னால வரட்டும்.

— அப்ப ரோட்டால போ. ஓட்டோ பிடி.

— ரோட்டால சுத்திப் போனா அந்த மனிசியச் சவக்காலையிலதான் காணலாம். தோணியெண்டாக் கொஞ்ச நேரம்தானே.

— காத்து ஒழும்புது பிலோ.

— ஒழும்பட்டும்.

— நீ தோணியில கால் வெச்சே ஆறு வருசம். றெக்ஸ் போனதுக்குப் பிறகு இந்த ஆத்துப் பக்கமே பார்க்கமாட்டாய். நீயா கம்பு ஊண்டிப் போகப்போறாய்? கரையிலயே விழுவாய்.

— விழுந்தா ஒழும்பிப் போறன். கம்ப எங்க வெச்சீங்க?

— பிடிவாதக்காரி.

— ஓம். கம்பு எங்க?

— வை அத. வை எண்டுறன். இன்னொராள இந்தத் தண்ணிக்குக் குடுக்க என்னால ஏலாது. ஏறு, நானே கொண்டு போறன். ஆனா அக்கரையில உன்ன இறக்கிற்றுத் தோணிலயே இருப்பன். அவன்ட வளவுக்குள்ள கால் வைக்கமாட்டன்.

— அது மட்டும் காணாது. நீங்களும் உள்ளுக்கு வரோணும்.

— பிலோமினா, மட்டோட நில்லு.

— இந்தச் செபமாலையப் பிடியுங்க. இண்டைக்கு முன்பாதி சொல்லப்போறது நீங்க.

— உனக்கென்ன விசரா? அது உன்ட வேலை. றெக்ஸ அடக்கின கிழமையே மரியநாயகம் அண்ணன்கிட்டக் கேட்டு வாங்கின வேலை. அந்த மனிசன் எவ்வளவு காலம் சொல்லிக்கிட்டு இருந்தவர், நீ கேட்டதும் குடுத்திட்டார்.

— கேட்டுத்தான் வாங்கினன். ஏன் கேட்டன் எண்டு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?

— அதில யோசிக்க என்ன இருக்கு? பக்தியில கேட்டாய்.

— பரலோக மந்திரத்த ஒருக்கா மனதுக்குள்ள சொல்லிப் பாருங்க. முன்பாதி எதில முடியுது?

— பூமியிலயும் செய்யப்படுறதில முடியுது. மறுகா சனம் எடுக்கும்.

— சனம் எடுக்கிற பாதியிலதான் நீங்க வாய மூடுற இடம் இருக்கு. முன்பாதி சொல்றவள் அதச் சொல்லத் தேவையில்ல. நீங்க சனத்துக்க இருந்து வாய மூடினீங்க, நான் முன்னுக்கு இருந்து ஒளிச்சன். இண்டைக்கு அந்த இடத்தில நீங்க இருங்க. நான் சனத்தோட இருந்து, ஞானத்திட முகத்தப் பார்த்துக்கிட்டுப் பின்பாதியச் சொல்லப்போறன்.