மேலாக எடுத்த ரத்தம்

சோம்புத் தேநீருக்கு நன்றி, வழக்கறிஞரம்மா. குடிக்க மாட்டேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோப்பை விளிம்பில் யாருடையதோ உதட்டுச் சாயம் இருக்கிறது. கழுவியவர், கழுவிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார். உலகத்தில் பாதித் தொல்லை இப்படி நினைப்பவர்களால்தான் வருகிறது.

கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். என் பெயர் ஒராசியோ. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஆய்வகங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. எல்லோரிடமும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் இயந்திரம் அது. இயந்திரம் ஒன்றாக இருந்தாலும் கைகள் வேறு வேறு. அதனால் ஆண்டுதோறும் ஒரே ரத்தத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து எல்லோருக்கும் அனுப்புவேன். அவர்கள் அளந்து எனக்கு எழுதுவார்கள். பெரும்பாலோர் சொல்லும் எண்தான் சரியான எண். விலகி நிற்பவர் தோற்றவர். விதி அப்படி, அதை நான் போடவில்லை.

ரத்தம் மாட்டு ரத்தம். அறுப்புக்கூடத்தில் வாங்கி, உறையாமல் மருந்து சேர்த்து, அளவாக ஈயம் கலப்பேன். அந்தக் கூடத்தின் தரை அப்படி, வாடை அப்படி. திரும்பி வந்ததும் செருப்பைக்கூட எறிந்துவிடுவேன். ஆனால் எவ்வளவு ஈயம் சேர்த்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆறு ஆய்வகங்கள் இங்கே தலைநகர் லிமாவில். ஏழாவது மலைமேல், கோரிபம்பாவில். அங்கே ஈய உருக்காலை இருக்கிறது. கூரை, துணி, ஆட்டு முதுகு எல்லாவற்றிலும் கரித்தூள். அந்த ஆய்வகத்தை நடத்தியவள் நேரிதா. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள். வகுப்பில் எப்போதும் அவள்தான் முதல். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்பவன் அல்ல.

ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தை அளந்து, ஈயம் எக்கச்சக்கம் என்று அவள் எழுதினாள். பிள்ளைகளை லிமாவுக்கு இறக்கிச் சிகிச்சை தர வேண்டும் என்று பெற்றோர் அமைச்சகத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். உருக்காலைக்காரர்கள் அவள் அளவே தப்பு என்றார்கள். அமைச்சகம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒப்பீட்டில் அந்த ஆய்வகம் தேறினால் பிள்ளைகளை இறக்குவோம்" என்றது. அப்படித்தான் அந்த ஊர் என் மேசைக்கு வந்தது.

ஆய்வகத்தைப் பார்வையிட முதலில் நானே மலையேறினேன். உயரத்தில் தலை சுற்றியது. முன்னறையில் அடுப்பு மூட்டி ஆட்டுத்தலைச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கண் மிதந்து என்னையே பார்த்தது.

"என்னப்பா ஒராசியோ, மூஞ்சி வெளுத்துப் போச்சு. ரெண்டு வாய் குடி. ஆட்டுத்தலை, கடிக்காது" என்றாள் நேரிதா. அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம்.

ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் தோமாசாவின் மகள் மைரா அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் அவித்த உருளைக்கிழங்கு. பாதி கடித்ததை என் வாய்க்கு நேரே நீட்டி, "மாமா, நீ சாப்பிடு. எனக்குப் பசிக்கல" என்றாள். நகத்துக்குள் கரி. கிழங்கின் மேல் எச்சில். நான் விலகியதும் அந்தக் கையை என் கோட்டில் துடைத்துவிட்டு ஓடினாள். அந்தக் கோட்டை நான் ஊருக்குக் கொண்டு வரவில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், உள் அறை சுத்தமாகத்தான் இருந்தது. இயந்திரம் கண்ணாடி மாதிரி. அறிக்கையில் அதை எழுதினேன். முன்னறைச் சூப்பையும் எழுதினேன்.

பிறகு குழாய்களை அனுப்பினேன். லிமாவின் ஆறு ஆய்வகங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். விடையை யாருக்கும் காட்டாமல் அனுப்ப வேண்டும் என்பது ஒழுங்கு. இவர்களோ வெள்ளிக்கிழமை மதியம் செவிச்சே என்ற பச்சை மீன் தின்னக் கூடி, எலுமிச்சைச் சாறு மோவாயில் வழிய, "உனக்கு எவ்வளவு வந்துச்சு? எனக்கும் அவ்வளவுதான்" என்று பேசிக்கொள்வார்கள். பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அவர்கள் ஆறு பேரும் ஒரே மாதிரி குறைந்த எண்ணைச் சொன்னார்கள். நேரிதா மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னாள். நான் கலந்த அளவும் அதுதான்.

அவர்கள் எங்கே தவறினார்கள் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ரத்தம் நின்றால் சிவப்பணுக்கள் அடியில் படியும். ஈயம் அவற்றோடு போய்விடும். மேலே நிற்பது மஞ்சள் நீர். குழாயைக் கையில் உருட்டிக் கலக்காமல் மேலாக எடுத்தால் ஈயம் குறைவாகத்தான் தெரியும். கையில் ரத்தம் படக் கூடாது என்று லிமாக்காரர்கள் மேலாக எடுக்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரியும்.

நான் கலந்த அளவைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. பெரும்பாலோர் எண்தான் சரி என்பது விதி. விதிப்படி நேரிதா தோற்றாள்.

அவள் பேருந்திலிருந்து இறங்கி, கம்பளிச் சால்வையைக்கூடக் கழற்றாமல் நேராக என் அறைக்கு வந்தாள். என் மேசையில் மிச்சமிருந்த குழாய் ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். கையுறை இல்லை. மூடியோரம் ரத்தம் கசிந்தது.

"பாத்தியா, இப்பத்தான் இது ரத்தம். இதுக்கு முன்னாடி மேல நின்னது வெறும் தண்ணி. உங்க லிமா ராசாக்கள் கை அழுக்காயிடுமேன்னு மேலாக்க உறிஞ்சிட்டுப் போயிருக்காங்க. ரத்தப் பொரியல் வைக்கிற எங்கம்மாவைக் கேளு, கலக்காம எடுத்தா என்ன கிடைக்கும்னு சொல்லுவா."

"குழாயை உருட்டணும்னு செய்முறையில எழுதலையே."

"அதை எழுதினது யாரு? நீதானே?"

அவள் குழாயை வைத்துவிட்டு, "மறுபடி நடத்து. எல்லாரையும் உருட்டச் சொல்லு. இது எனக்கு வேண்டாம்ப்பா, அந்தப் புள்ளைங்களுக்கு வேணும்" என்றாள். மேசையில் அவள் கைரேகை ரத்தமாகப் படிந்திருந்தது. அவள் போன பிறகு அந்த இடத்தை அமிலம் போட்டுத் துடைத்தேன். ஒருமுறை போதவில்லை.

மறுபடி நடத்தினேன். உருட்டிக் கலக்குக என்று செய்முறையில் நானே எழுதினேன். அது நியாயமான கோரிக்கை. ஆனால் எல்லோரும் உருட்டினால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், அவளும் தேறிவிடுவாள். அப்புறம் அந்த முன்னறையும் அடுப்பும் தலைச்சூப்பும் நாட்டின் அங்கீகாரம் பெற்றவை ஆகிவிடும். எச்சில் கையோடு அத்தனை பிள்ளைகளும் லிமாவுக்கு இறங்கி வருவார்கள். ஒரு துறைக்கு ஒரு தரம் வேண்டாமா?

இதற்கிடையில், அமைச்சகத்தின் சொற்படி கோரிபம்பாப் பிள்ளைகளின் ரத்தத்தை மறுபடி எடுத்து லிமாவில் அளந்திருந்தார்கள். மேலாக எடுத்த அளவுதான். யாருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. மிச்சக் குழாய்கள் என் குளிர்பெட்டிக்கு வந்தன. அவற்றில் மைரா பெயர் ஒட்டியது ஒன்று.

இரண்டாம் ஒப்பீட்டில் லிமாக்காரர்கள் ஆறு பேருக்கும் மாட்டு ரத்தம் அனுப்பினேன். ஈயம் கொஞ்சமாகச் சேர்த்தது. நேரிதாவின் குழாயில் மைராவின் ரத்தத்தை ஊற்றினேன். மாட்டு ரத்தத்திலேயே ஈயத்தைக் கூட்டி அவளுக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது கலப்படம். கலப்படம் எனக்குப் பிடிக்காது. இது இயற்கையான ரத்தம், நான் அதில் ஒரு துளியும் சேர்க்கவில்லை.

அவள் உருட்டி, அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஆறு பேர் ஒரு பக்கம், அவள் மட்டும் எட்டாத உயரத்தில். அவள் உரிமம் போயிற்று. அவள் அளந்த எல்லா அளவுகளும் செல்லாதவை ஆயின. அமைச்சகத்தின் வாசலிலிருந்து பெற்றோரை எழுப்பி அனுப்பினார்கள்.

தோமாசா எனக்குத் தொலைபேசியில் பேசினாள். எண் எப்படிக் கிடைத்ததோ.

"டாக்டர், நேரிதாம்மா எழுதுன நம்பர் தப்புன்னு சொல்றாங்களே, நெசமா? புள்ள எந்நேரமும் தூங்கியே கெடக்குது. நடந்தா கால் பின்னுது. ஏதாச்சும் இருந்தா மறைக்காம சொல்லிருங்க. இருக்கிற ஆட்டை வித்துட்டாவது தூக்கிட்டு வந்துர்றேன்."

"ஒன்னும் இல்லம்மா. ஆறு ஆய்வகம் பாத்திருக்காங்க. சத்துக் குறைவா இருக்கும். பருப்பு குடுங்க."

"அப்பாடா. நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். ஊரே பயந்து கெடந்துச்சு" என்று அழுதாள். மூக்கைச் சிந்தும் சத்தம் காதுக்குள் வந்தது. தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்டை விற்கவில்லை. மழைக்காலத்தில் மைராவுக்கு வலிப்பு வந்தது. சாலை சரிந்திருந்தது, வண்டி இறங்கவில்லை. விடியும்போது பிள்ளை இல்லை. இதில் என் பங்கு எதுவும் இல்லை, மழையை நான் அனுப்பவில்லை.

நேரிதா சும்மா இருப்பவள் அல்ல. தன்னிடம் மிச்சமிருந்த குழாயை, பழைய சிநேகிதர்களைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் மறுபடி அளக்க வைத்தாள். ஈயத்துக்கும் ஊர் உண்டு, வழக்கறிஞரம்மா. எந்த மலையில் தோண்டியதோ அந்த மலையின் சாயல் அதன் அணுக்களின் எடையிலேயே இருக்கும். நான் புட்டியில் வாங்கிச் சேர்க்கும் ஈயம் வேறு நாட்டுச் சரக்கு. அந்தக் குழாயில் இருந்தது கோரிபம்பா மலையின் ஈயம். ரத்தமும் மாட்டுடையது இல்லை. யாருடையது என்று தோமாசாவின் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நேர்த்தியான வேலை.

நேற்று அவள் சிறையில் என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒன்னே ஒன்னு சொல்லு. அந்தப் புள்ளையோட ரத்தம்னு உனக்குத் தெரியும். அதுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுதானே? தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு, ஒராசியோ. அது போதும் எனக்கு" என்றாள். அவள் கண்ணீர் கம்பியில் பட்டது. நான் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என்னவென்று தெரியாத ஒன்றை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. அன்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு இரட்டைக் கையுறை போட்டு, முகத்தை மூடி, மைராவின் குழாயை நிதானமாக உருட்டினேன். நானே அளந்தேன். மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் ஒரே எண். ஒரு குழந்தை பிழைக்கும் எண் அல்ல அது. அதற்குப் பிறகுதான் குழாயை மூடி நேரிதாவின் முகவரியை எழுதினேன். அதற்கும் பிறகுதான் தோமாசாவிடம் பருப்பு கொடுக்கச் சொன்னேன்.

நேரிதா எழுதிய எண்ணும் என்னுடையதும் ஒன்றுதான். என்னுடையது கொஞ்சம் சுத்தமானது.