ஐஸுக்குக் கீழே கீரிமலை

விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். சனம் இதை விளங்கிக்கொள்வதில்லை. நான் ஊருக்குப் போகிறேன் என்று லாங்ஸ்ட்ராசைத் தெருவில் தமிழ்க் கடையில் ஒருத்தருக்குச் சொன்னால் போதும், பின்னேரத்துக்குள் சூரிச்சில் இருக்கிற பாதித் தமிழருக்குத் தெரிந்துவிடும். பிறகு பாசல்கள் வரத் தொடங்கும். அக்காவின் மகளுக்குச் சொக்கிலேற், மாமியாருக்கு முழங்காலுக்குப் பூசுகிற மருந்து, ஆருக்கோ சப்பாத்து. எல்லாரும் சொல்லுகிற வசனம் ஒன்றுதான்: "பாரமில்லை அண்ணை, சின்னதுதான்."

2009இல் சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, பாசல்களோடு சாம்பலும் வரத் தொடங்கியது. அதற்கு முந்தி எங்கள் செத்தவர்களை இங்கேயே ஆற்றில் கரைத்தோம். ஒருத்தரும் குறை சொன்னதில்லை, செத்தவர்கள் உட்பட. பிறகு எல்லாருக்கும் ஊரில் கீரிமலைத் தீர்த்தக் கடல்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் ஊருக்குப் போகிறவன் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாட்டேன் என்று சொல்ல வராத ஆள் நான். மற்றதை வாசிக்க முதல் இதை மனதில் வைத்துக்கொள், ரிஷானி.

நேற்று நீ என் சமையல் மேசையில் ஒரு சின்னப் போத்தலை வைத்தாய். உள்ளே வெள்ளையாக நாலைந்து துண்டு. மலை ஏரியில் ஐஸுக்குக் கீழே நீ முந்தித் தொங்கவிட்டிருந்த குழாயைக் கழற்றப் போனபோது அதற்குள் இருந்ததாம். "தவராஜா மாமா, இது எலும்பு. எப்படி அங்க வந்தது? உண்மையைச் சொல்லுங்கோ," என்றாய். அடுத்த மாதம் நோர்வேயில் பெரிய ஆட்களுக்கு முன்னால் நீ ஆராய்கிற பாசியைப் பற்றிப் பேசப் போகிறாய். தண்ணீருக்குள் ஆரோ எதையாவது போட்டிருந்தால் இத்தனை வருடத்து வேலையும் பொய்யாகிவிடும், உன்னைப் பொய்க்காரி என்பார்கள் என்றாய். நான் தேத்தண்ணி ஊற்றினேன். நீ குடிக்கவில்லை. வாயால் சொன்னால் பாதியில் எழும்பிப் போய்விடுவாய். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலாவது ஆள் தில்லைநாயகி அக்கா. அவவின் மகன் கிஷோபன் சாம்பற் பெட்டியைக் கொண்டுவந்து தந்தான். கூடவே ஒரு பெரிய பை நிறையச் சொக்கிலேற். "ரெண்டும் கட்டாயம் போகவேணும் அண்ணை," என்றான். குளியலறைத் தராசில் சூட்கேசை ஏற்றினேன். இரண்டில் ஒன்றுதான் போகும். ஊரில் அவனுடைய மருமக்கள் சொக்கிலேற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகி அக்கா ஒன்றுக்கும் காத்துக்கொண்டிருக்கவில்லை. நீதியாக யோசித்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். சாம்பலை என் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சொக்கிலேற்றைக் கொண்டுபோனேன்.

கீரிமலையில் ஒரு அலையைப் படம் எடுத்துக் கிஷோபனுக்கு அனுப்பினேன். அவன் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது அதைக் காட்டி, "அம்மா அதுக்குள்ள நிம்மதியா இருக்கிறா என்ன," என்றான். "ஓம் தம்பி," என்றேன். ஒருத்தனுக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது. அதைக் கெடுக்க நான் ஆர்?

அந்த மாரிக் குளிரில்தான் நீ என்னை ஏரிக்குக் கூப்பிட்டாய். கூர் பட்டணம் தாண்டி, பஸ்ஸில் ஏறி, பிறகு நடை. சறுக்கு வண்டிலில் உன் சாமான்களை இழுக்க, ஸ்னோ அள்ள, ஐஸில் துளை போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. சனி ஞாயிறில் எனக்கு ட்ராம் கழுவுகிற வேலை இல்லை. உன் அப்பா தம்பித்துரை அண்ணைதான் என்னை மாட்டிவிட்டவர். அவர் கடையில் நின்று எல்லாருக்கும் சொல்லுவார்: "என்ர மகள் பாசிக்கு டொக்டர்." "பாசிக்கு என்ன வருத்தம் அண்ணை, தடிமனோ?" என்று சனம் கேட்கும். "தடிமன் உன்ர மூளைக்கு," என்பார். அவருக்கு வாய்க்குப் பஞ்சமில்லை.

ஐஸின் மேல் நின்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். நோர்வேயின் வடக்கில் கடல் மலைகளுக்கு நடுவே விரலை நீட்டின மாதிரி உள்ளே வந்து கிடக்குமாம். ஃபியோர்ட் என்று பெயர். மாரியில் அதை ஐஸ் மூடும். வெயில் திரும்பி வர, ஐஸ் உடைய முந்தியே, அதன் அடிப்பக்கத்தில் பாசி பிடித்துத் தாடி மாதிரித் தொங்குமாம். அதைச் சின்னப் பூச்சிகள் தின்னும், பூச்சியை மீன் தின்னும். "வசந்தம் மேல இருந்து வாறதெண்டு ஆக்கள் நினைக்கினம் மாமா. அது ஐஸுக்குக் கீழதான் துடங்குது," என்றாய். எங்கள் மலை ஏரியிலும் அதுதான் நடக்கும் என்று உன் பேராசிரியரோடு வாதாடியிருந்தாய். நீ சொல்லச் சொல்ல எனக்கும் அந்தத் தாடியைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

ஆனால் துளைக்குள் கமராவை இறக்கினால் வெறும் தண்ணீர். "ஸ்னோவை அள்ளுங்கோ மாமா, வெளிச்சம் போகட்டும்," என்றாய். அள்ளினேன். வெளிச்சம் போனது, பாசி வரவில்லை. இந்தத் தண்ணீர் சுத்தம் கூடிவிட்டது, பாசிக்குச் சாப்பாடு இல்லை என்றாய். அதுக்கு என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

"பொஸ்பேற் மாமா. எங்கட எலும்பில இருக்கிற சாமான்."

மூக்கைத் துடைத்தாய். குளிருக்கென்று நினைத்தேன். பார்த்தால் அழுகிறாய். இந்த வசந்தமும் ஒன்றும் வராவிட்டால் ஏரி வேலையை நிறுத்திவிடுவார்கள் என்றாய்.

எலும்பு என்று நீ சொன்னவுடன் எனக்கு என் அரிசி மூட்டை ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். திட்டம் கிட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை சாம்பலை மா அரிக்கிற அரிதட்டில் அரித்தேன். கட்டிகள் இருந்தால் உன் குழாய்களில் சிக்கும். உன் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. அரிதட்டை வடிவாகக் கழுவிவிட்டுத்தான் புட்டுக்கு மா அரித்தேன். அந்தப் புட்டைத்தான் ஐஸில் இருந்து சாப்பிட்டோம். நீ இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாய். பிறகு நீ கரையில் இருந்த கொட்டிலுக்கு ஏதோ எடுக்கப் போன நேரம் தில்லைநாயகி அக்காவைத் துளைக்குள் விட்டேன். ஒரு தேவாரமும் சொன்னேன். முழுக்கத் தெரியாது, தெரிந்த மட்டும்.

சித்திரையில் நீ கமராவை இறக்கிவிட்டுத் திரையில் குனிந்து பார்த்தாய். பிறகு, "மாமா, இங்க வாங்கோ. பாருங்கோ," என்றாய். ஐஸின் அடிப்பக்கம் எல்லாம் பச்சையும் கபிலமுமாக, தண்ணீர் அசைய அசைய ஆடிக்கொண்டு நின்றது. நீ என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாய். நாற்பது வருடமாகச் சுமந்திருக்கிறேன், அள்ளியிருக்கிறேன், கழுவியிருக்கிறேன். இங்கே ஊத்தை இருக்கிறது வந்து பார் என்று கூப்பிட்டவர்கள் உண்டு. வடிவான ஒன்றைக் காட்டக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

அன்றைக்கு நீ அந்தத் துளையிலேயே தண்ணீர் மொண்டு தேத்தண்ணி வைத்தாய். தடுக்கலாமோ என்று யோசித்தேன். தில்லைநாயகி அக்கா வீட்டுக்கு வந்தவர்களைத் தேத்தண்ணி குடிக்காமல் போகவிடாத மனிசி. விட்டுவிட்டேன்.

"ஒரு வசந்தம் காணாதாம் மாமா. திருப்பிக் காட்டட்டாம்," என்று அந்தக் கோடையில் சொன்னாய்.

ஐப்பசியில் உன் அப்பா போனார். மாரடைப்பு. அதில் எனக்குக் கை இல்லை. எனக்கு எதையும் யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவர் அதற்குள் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் முடிய உன் அம்மா சாம்பலை என்னிடம் தந்தா. "அவர் உங்களைத்தான் நம்பினவர் அண்ணை," என்று சொன்னா. நீயும் பக்கத்தில் நின்றாய். அந்த முறை நான் தராசில் வைத்துப் பார்க்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஓம் பிள்ளை. இரண்டாம் வசந்தத்துப் பாசி உன் அப்பாதான். கண்ணாடித் தட்டில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து, "இவ்வளவு வடிவா நான் ஃபியோர்ட்டிலயும் காணேல்லை," என்றாயே, அது அவர்தான்.

உனக்குக் கோபம் வரலாம். ஆனால் ஆறுதலாக யோசி. கடலில் விட்டிருந்தால் அவர் எங்கே போனாரென்று ஆருக்குத் தெரியும்? இங்கே மகளோடு வேலை செய்தார். உயிரோடு இருக்கும்போது அந்த மனிசன் உனக்காக ஒரு பெட்டி தூக்கினதில்லை. ஏரிக்கு ஒருநாள் வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, குளிராம். இரண்டு வருடமும் வண்டில் இழுத்தவன் நான், கடையில் மெடல் குத்திக்கொண்டு நின்றவர் அவர். இதை நான் மனக்கசப்போடு சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் அதே அலைப் படத்தைத்தான் அனுப்பினேன். அவ கிஷோபன் வீட்டு ஹோலுக்குள் போகாமல் இருக்க மட்டும் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தது.

இனி உன் போத்தலில் இருக்கிறவருக்கு வருகிறேன். அவர் சண்முகலிங்கம் அண்ணை, எனக்குக் கீழ்வீட்டில் இருந்தவர். இங்கே சொந்தம் என்று ஒருத்தருமில்லை. சலரோகம். காலையில் ஒரு தாதி வந்து ஊசி போட்டுவிட்டு, இனிப்புத் தின்னக்கூடாது என்று பேசிவிட்டுப் போவா. பின்னேரங்களில் நான் போய் இருப்பேன். அவர் கதவுத் திறப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. ஒருநாள் அவராகவே கேட்டார்:

"தவராஜா, நான் போனால் என்னையும் கீரிமலைக்குக் கொண்டு போவியோடா?"

"ஓம் அண்ணை. உங்களுக்கெண்டு இடம் வைச்சிருக்கிறன்."

"சூட்கேசுக்குள்ளயோ?"

"இல்லை, நல்ல அமைதியான இடம். கொஞ்சம் குளிரும்."

"கீரிமலை எப்பயடா குளிர்ந்தது, விசரா."

இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல பகிடிக்காரன்.

விஞ்ஞானத்தில் எதையும் மூன்று தரம் காட்டவேண்டும் என்று நீ எப்போதோ சொன்னதாக எனக்கு ஞாபகம். அந்த வருடம் எங்கள் சனத்தில் ஒருத்தரும் சாகவில்லை. ஐஸ் உடைந்த பிறகு செத்தும் பிரயோசனமில்லை.

அவருக்குச் சொக்கிலேற் என்றால் உயிர். தாதி வேண்டாம் என்றா, அவர் வேண்டும் என்றார். அவருடைய வாய். ஒவ்வொரு பின்னேரமும் கொடுத்தேன். ஊசி மருந்து குளிராக ஏறும்போது நோகிறது என்றும் சொன்னார். அந்த மருந்தைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்கவேண்டும், சூடு பட்டால் பழுதாகிவிடும் என்று மட்டையில் எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரியாமல் செய்தேன் என்று ஆருக்கும் சொல்லலாம், நம்புவார்கள். ஆனால் ஐம்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பான். வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் ஹீற்றரின் மேல் வைத்தேன். தாதி வர முதல் எடுத்துத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவேன். அவவின் வேலைக்கும் இடைஞ்சல் வரக்கூடாது.

மார்கழி முழுக்க அவருக்குத் தண்ணீர் விடாய். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். தை மாதம் நித்திரையில் போனார். வயது என்று டொக்டர் எழுதினார். ஏரியில் ஐஸ் நல்ல தடிப்பாக இருந்தது.

சொந்தமில்லாததால் சாம்பல் என் கைக்குத்தான் வந்தது. ஏரிக்குத் தனியத்தான் போனேன். அரிதட்டு கிழிந்திருந்தது, புதிது வாங்கப் பஞ்சிப்பட்டேன். அதனால்தான் உன் குழாயில் துண்டுகள். பிழை என்னுடையது. பங்குனியில் திரும்பப் போய் ஐஸில் ஒரு கட்டியை அறுத்துப் பிரட்டினேன். அடியில் பச்சை. காட்ட ஒருத்தரும் இருக்கவில்லை. "இங்க வா, பார்," என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது நீ கூப்பிட்ட மாதிரி இருக்கவில்லை.

ஆகவே நோர்வேயில் உன் பாசியைப் பற்றிக் கதைக்காதே. அந்த ஏரி சுத்தமான ஏரி, அதில் தானாக ஒன்றும் முளைக்கவில்லை. இதைப் பொலிசுக்குக் கொடுப்பதென்றாலும் கொடு, நான் வீட்டில்தான் இருப்பேன். எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லுவேன்.

ஒரு இடம் மட்டும் உதைக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீயே கண்டுபிடித்துவிடுவாய். போன புரட்டாதியில் நீ போன் எடுத்தாய். "மாமா, ரெண்டு வசந்தமே காணுமாம். பேராசிரியர் ஒத்துக்கொண்டிட்டார். இனி உங்களை ஏரிக்கு அலைக்க மாட்டன்," என்றாய். சந்தோசம் பிள்ளை என்றேன். சண்முகலிங்கம் அண்ணை கதிரையில் இருந்தபடி, "என்னவாம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணை என்றேன். சொக்கிலேற் பெட்டியை அன்றைக்குத்தான் வாங்கி வந்திருந்தேன். அப்போது அதை உடைத்திருக்கவில்லை. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.