ஜெயிலுக்குப் போய் வந்த எங்கள் வீட்டுப் பெண்

இன்னும் எத்தனை பேர் பேசப் போகிறார்களோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தாளாளர் அவர்களே! கண்டிப்பையும் கனிவையும் ஒரே மூக்குக்கண்ணாடிக்குள் வைத்திருக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே! பாடமும் நடத்தி, பந்தலுக்கும் ஆள் பிடித்த பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வந்திருக்கும் பெரியோர்களே! பெற்று, பேணி, பொத்திப் பொத்தி வளர்த்து, இன்று இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வியர்வையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் தலை கவிழ்த்திருக்கும் கண்மணிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

கடைசி வரிசைக்குத் தனியாக இன்னொரு வணக்கம். நிமிருங்கள். நன்றி. நான் கான்வென்ட்டில் படித்தவள். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காத பிள்ளையை எங்கள் கன்னியாஸ்திரிகள் வராந்தாவில் நிறுத்திவிடுவார்கள். இந்தக் கல்லூரியிலும் வராந்தா இருக்கிறது, வரும்போதே பார்த்துக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘குற்றவியல் படிப்பும் வேலைவாய்ப்பும்’. என்னை ஏன் அழைத்தார்கள்? மறைந்த என் கணவர் அரசு வழக்கறிஞர், நான் இந்தக் கல்லூரியின் ஆலோசனைக் குழுவில் இருக்கிறேன், என் தம்பி மகள் இங்கே குற்றவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். இவையெல்லாம் அழைப்பிதழில் போடத்தக்க காரணங்கள். ஆனால் நான் ஏன் வந்தேன் தெரியுமா? மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அக்கா கண்ணில் படமாட்டோம் என்று நினைத்து ஒருவர் அமர்ந்திருக்கிறாரே, அவருக்காக வந்தேன். அவர் என் தம்பி. ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இந்தக் கூட்டம் முடிந்ததும் முதல்வர் அறைக்குப் போய், மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தி அழைத்துப் போகப் போகிறார். அவளுடைய பெட்டியைக் காலையிலேயே காரில் ஏற்றிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவள் இன்று காலை சாப்பிடவில்லை.

என்ன நடந்தது? சென்ற மாதம் துறையிலிருந்து மாணவ மாணவியரை மத்தியச் சிறைக்குக் களப்பயணம் அழைத்துப் போனார்கள். பேராசிரியர் கூடப் போனார், கல்லூரிப் பேருந்து போனது, கையில் பிஸ்கட் பொட்டலம்கூடக் கொடுத்தார்கள். எங்கள் பெண் தன் அம்மாவுக்குப் போன் செய்து, “ஜெயிலுக்குப் போறேம்மா, சாயங்காலம் வந்துடுவேன்” என்றாள். அவள் அம்மா அதைத் தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா ஓரகத்தியிடம் சொன்னாள். ஓரகத்தியிடம் போன செய்தியில் ‘சாயங்காலம் வந்துடுவேன்’ என்பது விழுந்துவிட்டது. மறுநாள் கடையில் நின்றுகொண்டிருந்த என் தம்பியிடம் ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “மனசத் தளர விடாதீங்க. ஜாமீன் கிடைச்சிடுச்சா?” என்று கேட்டிருக்கிறார்!

இதுதான் ஐயா நம் நிலைமை! மருத்துவம் படிக்கிற பிள்ளை பிணவறைக்குப் போனால் பெருமை. பொறியியல் படிக்கிற பிள்ளை சுரங்கத்துக்குள் இறங்கினால் பெருமை. குற்றவியல் படிக்கிற பெண் சிறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் குடும்பத்துக்கே தலைகுனிவா? நோயைப் படிப்பவர் நோயாளி ஆகிவிடுகிறாரா? கடலைப் படிப்பவர் மீன் ஆகிவிடுகிறாரா? இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் கொடுங்கள். சோடா வேண்டாம், தண்ணீர்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் வெட்கப்பட மாட்டார்கள், வேலை வாங்குவார்கள். “குற்றவியலா படிக்கிற? எங்க வீட்டுப் பூந்தொட்டிய எவன் எடுத்தான்னு கண்டுபிடி பார்ப்போம்.” “என் மூஞ்சியப் பார்த்தா குற்றவாளி மாதிரி இருக்கா, சொல்லு.” இருக்கிறது என்று சொல்ல எனக்கே பலமுறை நாக்கு துடித்திருக்கிறது!

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளரைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். சி.ஐ.டி. என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். வீட்டுக்கு வரும் பார்சல்கள் அடிக்கடி காணாமல் போயின. அவருக்கே மிக்சி போயிற்று, ஒருவருக்குக் கால்வலி பெல்ட் போயிற்று. எடுத்தவனுக்கு அந்த பெல்ட் எதற்கோ தெரியவில்லை. சி.ஐ.டி. உடனே யாரைப் பிடித்தார்? மாடிப்படி கூட்டுகிற பெண்ணை. தினமும் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய பையைத் திறந்து காட்டச் சொன்னார். அவளும் தூக்குவாளியையும் மாற்றுப் புடவையையும் எடுத்து எல்லோர் முன்னிலையிலும் காட்டிவிட்டுப் போனாள். படித்தவர்கள் வாழும் கட்டடம்! பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒருநாள் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து, கதவைத் திறந்த எங்கள் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா, நீதான் குற்றவியல் படிக்கிறியே, திருடனப் பிடிச்சுக் குடு.”

“பிடிக்கிறது போலீஸ் வேலை அங்கிள். நான் வேணும்னா விசாரிச்சுப் பார்க்கிறேன்.”

“அந்தக் கூட்டுற பொண்ணையா?”

“இல்ல அங்கிள். உங்களை.”

அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பொருளை இழந்தவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது அவள் படித்த பாடம். பார்சல் போன வீடுகளுக்கெல்லாம் போனாள். யார்மேல் சந்தேகம் என்று எவரிடமும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் எல்லோரும் துடித்தார்கள், அவள் கேட்கவே இல்லை. பார்சலை எங்கே வைத்தார்கள், நீங்கள் எப்போது இறங்கி எடுக்கப் போனீர்கள், இதற்குமுன் எங்கே வைப்பார்கள். இவ்வளவுதான் கேட்டாள்.

விடை என்ன தெரியுமா? காணாமல் போன பார்சல்கள் எல்லாம் வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் பெஞ்சிலிருந்து போயிருக்கின்றன. தெருவில் நடந்து போகிறவர் கையை நீட்டினால் எட்டும் பெஞ்சு. வீட்டு வாசல்வரை வந்துகொண்டிருந்த பார்சல் பெஞ்சுக்கு எப்படி வந்தது? எங்கள் சங்கம்தான் தீர்மானம் போட்டிருந்தது! வெளியாட்கள் லிஃப்டில் ஏறினால் திருட்டு நடக்கும், ஆகவே பார்சல் கொண்டு வருபவர்கள் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும் என்று, திருட்டுக்குப் பயந்து, ஒருமனதாக, கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம்! அதை முன்மொழிந்தவர் சி.ஐ.டி. வழிமொழிந்தவர் கால்வலி பெல்ட்காரர்!

பொறுங்கள், கைதட்டல் இருக்கட்டும். தீர்மானத்தை ரத்து செய்தோம். பார்சல் மறுபடியும் வீட்டு வாசலுக்கு வந்தது. திருட்டு நின்றது. பையைத் திறந்து காட்டுவதும் நின்றது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டார்கள், முனகலாக. ஆனால் சி.ஐ.டி. இன்றும் என்னைப் பார்த்தால் என்ன சொல்கிறார்? “எல்லாம் சரிதான் மேடம், ஆனா திருடனப் பிடிக்கலையே. அப்புறம் என்ன படிப்பு?”

இவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கொசுக்கடி நின்றால் போதாது, கடித்த கொசுவைக் கையில் கொடு என்பவரிடம் என்ன பேசுவது?

பெரியோர்களே! திருடன் யார் என்று கேட்பது ஒரு கேள்வி. திருட்டு ஏன் இங்கே நடந்தது, ஏன் இப்போது நடந்தது, ஏன் இவர்களுக்கு நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று கேட்பது ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்கிறீர்களா? கிடைக்கும். காவல்துறைத் தேர்வு எழுதலாம், அது ஒன்றுதான் உங்களுக்குத் தெரியும். தவறு செய்த சிறுவர்களை வைத்திருக்கும் இல்லங்களில் ஆலோசகர் ஆகலாம். சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் நன்னடத்தையில் விடுகிறவர்களைக் கண்காணித்து வழிநடத்தும் அலுவலர் ஆகலாம். அடிபட்டு, ஏமாந்து, அவமானப்பட்டு நிற்கிறவர்களுக்குக் கைகொடுக்கும் மையங்களில் பணி செய்யலாம். வங்கிகளில் மோசடித் தடுப்புப் பிரிவு இருக்கிறது, காப்பீட்டு நிறுவனங்களில் விசாரணைப் பிரிவு இருக்கிறது, கணினியும் கற்றுக்கொண்டால் இணையக் குற்றத் தடுப்பு இருக்கிறது. மேலே படித்தால் ஆராய்ச்சி இருக்கிறது.

முன்வரிசை அம்மா என்ன கேட்கிறீர்கள்? ரத்தக்கறையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதா? அது தடய அறிவியல் அம்மா. அதற்கு வேதியியலும் உயிரியலும் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. சீரியலைப் பார்த்துவிட்டுச் சேர்க்கைக்கு வராதீர்கள். பட்டம் வாங்கிய மறுநாள் மேசையும் நாற்காலியும் வீட்டுக்கு வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தேர்வு எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும், உழைக்க வேண்டும். எந்தப் படிப்பில் அது இல்லை?

என் கணவர் ஆயுள் முழுவதும் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர். கெட்டிக்காரர். வழக்கில் வென்றுவிட்டு வந்த அன்று சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். “என்னங்க, ஜெயிச்சாச்சே” என்பேன். “எல்லாம் முடிஞ்சப்புறம்தான்டி எங்கிட்ட வருது” என்பார். முடிவதற்கு முன்பே போய் நிற்பதற்கு ஆள் வேண்டாமா? அந்த ஆள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

தம்பி! எழுந்திருக்காதே, உட்கார். இவ்வளவும் உனக்காகத்தான் பேசினேன். உன் மகளுக்கு நான் வேலையே பார்த்து வைத்திருக்கிறேன். வங்கியில் மோசடித் தடுப்புப் பிரிவு. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, கழுத்தில் அடையாள அட்டை. எந்த ஓரகத்தியிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம். போதுமா?

என்ன? தலையை ஆட்டுகிறாயா? சரி. அப்படியானால் அவளையே கேட்போம். எங்கே அவள்? கதவருகே நிற்கிறாள் பாருங்கள். இங்கே வா. மைக்கில் சொல். வங்கி வேலை உனக்குச் சம்மதம்தானே?

…

இவள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லை அல்லவா? நானே சொல்கிறேன், எனக்கு வாய் வந்தால். “வங்கி வேணாம் அத்தை. நான் சிறை நல அலுவலர் ஆகணும். அன்னைக்கு அங்க ஒரு அம்மா, விடுதலை ஆகப் போறவங்க, ‘நான் எந்த வாசல்ல போய் நிக்கட்டும்’னு கேட்டாங்க. எங்க யாருக்கும் பதில் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அங்கயே வேலை பார்க்கணும்” என்கிறாள்.

நான் வங்கி என்று மேடை போட்டுக் கத்துகிறேன், இவள் மறுபடியும் ஜெயில் என்கிறாள்! இதைச் சொல்ல இவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? தம்பி, அங்கே என்ன சிரிப்பு? “உங்களுக்கே மூஞ்சி மாறுது பாருங்கக்கா” என்கிறாயா? மாறுகிறதுதான். எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததற்கு என்னிடம் ஒரு நியாயமான காரணம்கூட இல்லை. உன்னிடம் இருந்தால் இங்கே வந்து, இந்த மைக்கில், இத்தனை பேர் முன்னிலையில் சொல்.

வருகிறான். வழி விடுங்கள்.

மைக் வேண்டாமாம். மகளிடம் பேசுகிறான். சபையோர் கொஞ்சம் பொறுங்கள்.

என்ன கேட்டான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. “அந்தம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?” என்று கேட்டான். “தெரியலப்பா” என்றாள். “அப்ப விசாரிக்கிறதில்லையா, என்ன படிக்கிற நீ?” என்று திட்டிவிட்டு, கார் சாவியை அவள் கையில் கொடுத்திருக்கிறான். போய்ப் பெட்டியை இறக்கச் சொல்கிறான்.

முதல்வர் அம்மையாரே, மாற்றுச் சான்றிதழ் தேவைப்படாது. தாய்மார்களே, குற்றவியல் துறையின் சேர்க்கை மேசை இடதுபக்க வராந்தாவில் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட இளையோர்களுக்கும், நேரம் முடிந்ததென்று சீட்டு அனுப்பாத தாளாளருக்கும் என் மனமார்ந்த நன்றி. வணக்கம்.

தம்பி, அந்தப் பெட்டி கனமானது. அவளைத் தூக்க விடாதே, நீ போ.